ஸ்கீ பூட் எங்கே வலிக்கிறது, ஏன் வலிக்கிறது: அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

பனிச்சறுக்குக்குப் போடும் ஸ்கீ பூட் வலிக்கிறது என்று சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் தரும் முதல் யோசனை, ஒரு சைஸ் பெரியதாக எடுத்துக்கொள் என்பதுதான். பெரும்பாலும் அது வலியைக் கூட்டுகிற யோசனை. பூட் பெரியதாக இருந்தால் பாதம் உள்ளே நகரும், அந்த நகர்வை நிறுத்த பக்கிளை, அதாவது பூட்டை இறுக்கி மூடும் கொக்கியை, இன்னும் ஒரு பல் இறுக்குவோம், இறுக்கினால் புறங்கால் நசுங்கி விரல்கள் மரத்துப்போகும், உடனே பூட் சின்னது என்று முடிவுகட்டிவிடுவோம். இறுக்கமாகத் தெரிகிற வலிக்குக் காரணம் தளர்வாக இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், கீழே வரும் பல அறிகுறிகளில் அது திரும்பத் திரும்ப வரும்.

எந்த அறிகுறிக்குப் போவதற்கும் முன்னால் பூட்டின் அளவு சரியா என்று பார்த்துவிட வேண்டும். அளவே தவறு என்றால் மற்ற வைத்தியம் எதுவும் நிற்காது.

அளவைச் சரிபார்ப்பது

ஸ்கீ பூட்டின் சைஸ் மோண்டோபாயிண்ட் என்ற முறையில் வருகிறது. அதாவது பாதத்தின் நீளம், செ.மீ. கணக்கில். குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்து, உடல் எடை முழுவதும் காலில் இறங்கும்படி நின்று, சுவரிலிருந்து நீளமான விரலின் நுனி வரை அளந்து பாருங்கள். 26.5 செ.மீ. வந்தால் உங்கள் எண் 26.5. உட்கார்ந்து அளந்தால் குறைவாக வரும், ஏனென்றால் எடை இறங்கும்போதுதான் பாதவளைவு தாழ்ந்து பாதம் நீள்கிறது. இரண்டு காலையும் அளக்க வேண்டும். சாதாரண ஷூ சைஸை அட்டவணை பார்த்து மாற்றிக்கொண்டு போகாதீர்கள், நாம் நடக்கிற ஷூக்களை எல்லாரும் கொஞ்சம் லூசாகத்தான் போடுகிறோம், அந்த லூசும் சேர்ந்து பூட்டுக்குள் வந்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வெளியே இருக்கும் கடினமான பிளாஸ்டிக் ஷெல் பொதுவாக முழு சைஸ்களில் மட்டுமே தயாராகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் 26, 26.5 இரண்டுக்கும் ஒரே ஷெல்தான், உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலின் தடிமனிலோ, ஷெல்லுக்குள் போடும் மென்மையான உள்பூட்டான லைனரிலோதான் வித்தியாசம். அதனால் அரை சைஸ் கூட்டி எடுத்தேன், இடம் கிடைத்தது என்று நினைப்பதில் அர்த்தம் இல்லை. குதிகால் பக்கத்தில் ஷெல்லின் மேல் மி.மீ. கணக்கில் ஒரு எண் இருக்கும், 305 மி.மீ. என்பது போல. அது அடிப்பகுதியின் நீளம். அடுத்தடுத்த இரண்டு சைஸிலும் அந்த எண் ஒன்றாகவே இருந்தால் ஷெல்லும் ஒன்றுதான்.

இப்போது முக்கியமான சோதனை. லைனரை ஷெல்லிலிருந்து முழுதாக வெளியே எடுங்கள். பக்கிள் எல்லாம் திறந்து, பிளாஸ்டிக்கை இரு பக்கமும் விரித்துப் பிடித்து, லைனரைக் குதிகால் பக்கமாக மேலே இழுத்தால் வந்துவிடும். பூட் குளிர்ந்து விறைத்திருந்தால் அறையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் செய்யுங்கள். வெறும் ஷெல்லுக்குள் மெல்லிய சாக்ஸோடு காலை விட்டு, விரல்கள் முன்சுவரைச் சும்மா தொடும்வரை முன்னால் தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள். குதிகாலுக்கும் பின்சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரி. வேகமாக, துல்லியமாக ஓட்டுகிறவர்கள் 1 செ.மீ. அளவுக்கு இறங்குவார்கள். இரண்டரை செ.மீ.க்கு மேல் போனால் பூட் பெரியது, உங்களுக்கு எங்கே வலித்தாலும் சரி, எவ்வளவு இறுக்கமாகத் தோன்றினாலும் சரி.

காலை ஷெல்லின் நடுவில் வைத்துப் பக்கவாட்டிலும் பாருங்கள். சுண்டுவிரல் எலும்பு, கணுக்கால் முட்டி, உள்பக்கப் பாதவளைவுக்கு மேலே இருக்கும் எலும்பு, இவற்றில் ஏதாவது பிளாஸ்டிக்கை நேரடியாகத் தொட்டால் அந்த இடத்தில் லைனர் வந்ததும் வலி வரும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

அகலத்துக்கும் ஒரு எண் உண்டு. 98 மி.மீ. சுற்றி இருந்தால் ஒடுக்கமான பூட், 100 நடுத்தரம், 102க்கு மேல் அகலம். இந்த எண் வழக்கமாக 26.5 சைஸில் அளந்தது. அதே மாடலில் 23.5 எடுத்தால் நிஜ அகலம் அதைவிடக் குறைவாக இருக்கும், 29.5 எடுத்தால் கூடுதலாக இருக்கும். புறங்காலின் உயரத்துக்கு எண் எதுவும் அச்சிட்டு வருவதில்லை, ஆனால் ஒரே நீளம், ஒரே அகலம் உள்ள இருவரில் ஒருவருக்குப் பொருந்தி இன்னொருவருக்கு உயிர் போவதற்கு அடிக்கடி அதுதான் காரணம்.

சாக்ஸும் பக்கிளும்

அளவு சரி என்றால் அடுத்து இதைப் பாருங்கள், காசு செலவில்லாமல் தீரும் புகார்கள் இங்கே நிறைய. சாக்ஸ் ஒன்று மட்டும், மெல்லியது, முழங்காலுக்குக் கீழ் வரை வருவது, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டது. இரண்டு சாக்ஸ் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் கொப்புளம் வரும், தடித்த சாக்ஸ் ரத்த ஓட்டத்துக்கான இடத்தைத் தின்றுவிடும். உள்ளே போடும் தெர்மல் பேண்டின் முனை பூட்டுக்குள் போகவே கூடாது. அதன் தையல் மடிப்பு ஒன்று கணைக்கால் எலும்பின் மேல் உட்கார்ந்தால் போதும், மத்தியானத்துக்குள் அந்த இடம் சிவந்து கன்றிவிடும்.

பக்கிள் போடும் வரிசையைப் பலரும் கீழிருந்து மேலே என்று பழகிவிடுகிறார்கள். அது சரியல்ல. காலை உள்ளே விட்டதும் குதிகாலை இரண்டு மூன்று முறை தரையில் தட்டிப் பின்னால் உட்காரவையுங்கள். லைனரின் நாக்கு நடுவில் இருக்கிறதா, ஷெல்லின் மடல்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியான வரிசையில் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள், மடல் மாறி உட்கார்ந்தால் அதன் விளிம்பு புறங்காலைக் கத்திபோல் அழுத்தும். பிறகு முழங்காலை முன்னால் தள்ளிக்கொண்டே கணுக்காலை ஒட்டிய பக்கிளை முதலில் போடுங்கள், அதுதான் குதிகாலைப் பின்னால் பிடித்து வைக்கும். அடுத்து அதற்கு மேலே இருப்பது, அப்புறம் மேலே உள்ள பட்டை, அதை நன்றாக இறுக்கலாம். விரல் பக்கத்துப் பக்கிள்களைக் கடைசியில், ஒரு விரலால் மூடக்கூடிய அளவுக்கு மட்டும். அவை மூடுவதற்குத்தான் இருக்கின்றன, இறுக்கிப் பிடிப்பதற்கு இல்லை. பக்கிளின் கம்பியைக் கையால் திருகினால் அரைப் பல் அளவுக்கு நீளமோ குறைவோ ஆகும், பல்லை மாற்றுவதற்கு முன்னால் அதைத் திருகிப் பாருங்கள். ஒன்றிரண்டு முறை இறங்கியதும் லைனர் சூடாகி இளகும், அப்போது மேல் பக்கிள்களை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும். கீழ்ப் பக்கிளுக்குப் பதிலாகத் திருகு சக்கரமும் கம்பியும் வைத்த பூட் என்றாலும் இதே கணக்குதான், இன்னும் இரண்டு திருகு திருகலாமே என்று கை போகும், போகவிடாதீர்கள்.

விரல் முன்னால் இடிக்கிறது

எப்போது இடிக்கிறது என்று முதலில் கவனியுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் தொட்டு, முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்ததும் விலகினால் பூட் சரியாக இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம். புது பூட்டில் இந்தத் தொடுதல் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கும், நாள்பட லைனர் நசுங்கி இடம் கொடுக்கும். கடையில் போட்டதுமே வீட்டுச் செருப்பு மாதிரி சுகமாக இருக்கிற பூட், சீசன் முடிவதற்குள் தளர்ந்துவிடும்.

முன்னால் சாய்ந்த பிறகும் விரல்கள் மடங்கியே இருந்தால் வெறும் ஷெல் சோதனைக்குத் திரும்பிப் போங்கள். பின்னால் 1 செ.மீ.கூட இல்லை என்றால் பூட் நிஜமாகவே சின்னது. போதுமான இடம் இருந்தும் விரல் மடங்குகிறது என்றால் தவறு லைனரில். சூட்டில் வடிவம் மாறும் லைனர் என்றால் விரல்களின் மேல் ஒரு தொப்பி மாட்டி, லைனரைச் சூடாக்கி, காலை விட்டு ஆறவைப்பார்கள், முன்னால் இடம் கிடைக்கும். இதைப் பூட் ஃபிட்டர், அதாவது பூட்டைக் காலுக்கு ஏற்பச் சரிசெய்து கொடுப்பவர், செய்யட்டும்.

கட்டைவிரல் நகம் கறுத்துப்போனால் பூட் சின்னது என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெரிய பூட்டிலும் நகம் கறுக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் பாதம் முன்னால் ஓடிப்போய் மோதுகிறது. குதிகால் எழும்புகிறதா என்று பார்த்தால் எது காரணம் என்று பிரித்துவிடலாம். நகத்தை ஒட்ட வெட்டாமலே மலைக்குப் போயிருந்தால் அதுவும் போதுமான காரணம்தான்.

பாதம் மரத்துப்போகிறது

அதிகம் பேர் அவதிப்படுவதும், தவறான மருந்து அதிகம் போடப்படுவதும் இதற்குத்தான். புறங்காலின் மேல் ரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன, சதை மெத்தை எதுவும் இல்லை. விரலை வைத்துப் பார்த்தால் நாடித் துடிப்பே தெரியும். அந்த இடத்தில் பூட் அழுத்தினால் முன்பாதம் மரக்கும், குளிரும், கழற்றியதும் சுரீர் என்று உயிர் திரும்பும்.

சோதனை எளிது. விரல் பக்கத்து இரண்டு பக்கிள்களையும் முழுதாகத் திறந்துவிட்டு, மேல் பக்கிள்களை மட்டும் போட்டுக்கொண்டு, எளிதான சரிவில் ஒரு முறை இறங்குங்கள். மரத்துப்போவது நின்றால் இறுக்கம்தான் காரணம். அப்போது ஏன் அவ்வளவு இறுக்கினோம் என்று கேட்க வேண்டும். பதில் அநேகமாக, இறுக்காவிட்டால் குதிகால் ஆடுகிறது என்பதாக இருக்கும். அது அளவுப் பிரச்சினை, அல்லது கணுக்காலைப் பிடிக்காத லைனர்.

பக்கிளைத் திறந்தும் மரத்துப்போனால் புறங்கால் உயரமான பாதம் என்று சந்தேகப்படுங்கள். லைனருக்கு அடியில், ஷெல்லின் தரையில், கழற்றக்கூடிய ஒரு பலகை இருக்கும், பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ. அதைத் தேய்த்து சில மி.மீ. தாழ்த்தினால் பாதம் முழுவதும் கீழே இறங்கி மேலே இடம் கிடைக்கும். லைனர் நாக்கின் தடிமனைக் குறைப்பது இன்னொரு வழி. சிலருக்கு மேற்கூரையை, அதாவது புறங்காலுக்கு மேலே வரும் ஷெல் பகுதியை, சூடாக்கித் தள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் பாதவளைவு தாழ்ந்துபோவது. தாங்கல் இல்லாத பாதம் எடை இறங்கியதும் நீளும், அகலும், உள்பக்கம் சரியும். பூட்டோடு வருகிற இன்சோல் பெரும்பாலும் வெறும் மெல்லிய நுரைத்துண்டு. பாதத்துக்கு ஏற்ற இன்சோல் ஒன்றைப் போட்டதும் அதே ஷெல்லில் பாதம் அரை சைஸ் சுருங்கினது போல் ஆகிவிடுவதைப் பார்க்கலாம். பூட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று எடுத்து வையுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன், பளபளப்பான மாடலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட இது நிச்சயமாகப் பயன்படும்.

நடுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் மட்டும் மின்சாரம் பாய்வது போல எரிந்தால் அது வேறு விஷயம், விரல் எலும்புகளுக்கு நடுவே போகும் நரம்பு நசுங்குகிறது. அகலமான ஷெல்லும், விரல் மூட்டுகளுக்குச் சற்றுப் பின்னால் வைக்கும் சின்னத் திண்டும் உதவலாம். பூட்டைக் கழற்றிப் பல மணி நேரம் ஆன பிறகும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் ஃபிட்டரை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

குதிகால் எழும்புகிறது

ஷெல்லில் இடம் இரண்டரை செ.மீ.க்கு மேல் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு பூட்டை மாற்றுங்கள். திண்டு ஒட்டி, டேப் ஒட்டி அதைக் காப்பாற்ற முடியாது.

அளவு சரி, பக்கிள் வரிசையும் சரி, ஆனாலும் எழும்புகிறது என்றால் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, கட்டைவிரல் நுனியைச் சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். எளிதாகத் தொட்டால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது. பாதி தூரத்தில்கூடத் தொட முடியவில்லை என்றால் கணுக்கால் இறுகியது. அப்படிப்பட்டவர் பூட்டுக்குள் முன்னால் சாயும்போது, மடங்க இடமில்லாமல் குதிகால் மேலே தூக்கிக்கொள்கிறது. பக்கிளை எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது. குதிகாலுக்கு அடியில் சில மி.மீ. ஆப்பு வைத்தால் அந்த மடங்கலில் ஒரு பகுதி மிச்சமாகிறது, குதிகால் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. ஒரே கவனம், ஆப்பு வைத்தால் புறங்காலும் சேர்ந்து உயரும். ஏற்கெனவே மரத்துப்போகிற கால் என்றால் சின்னதாகத் தொடங்குங்கள்.

கணுக்கால் நன்றாக மடங்குகிறது, குதிகால் மட்டும் ஒல்லி என்றால் லைனரின் வெளிப்பக்கத்தில் கணுக்கால் முட்டிக்குப் பின்னும் கீழும் வளைந்த திண்டு ஒட்டுவார்கள். முட்டியின் மேலேயே ஒட்டினால் புதிதாக ஒரு வலிதான் கிடைக்கும்.

கணைக்கால் எலும்பு முன்பக்கம் வலிக்கிறது

பூட்டின் நாக்கில் சாய்ந்தே நிற்க வேண்டிய விளையாட்டு இது, அதனால் அங்கே அழுத்தம் இருக்கத்தான் செய்யும். அழுத்தம் வேறு, இடி வேறு. சாய்ந்து கிடக்கும் காலுக்கு அழுத்தம் மட்டும்தான். காலுக்கும் நாக்குக்கும் இடையே இடைவெளி இருந்து, ஒவ்வொரு மேட்டிலும் கால் போய் மோதித் திரும்பினால் எலும்பு கன்றிப்போகும். ஆகவே இந்த வலிக்கு மேல் பக்கிளைத் தளர்த்துவது தலைகீழான வைத்தியம். மேல் பட்டையை இறுக்குங்கள், இடைவெளியை மூடுங்கள். பட்டையின் உள்முனையை ஷெல்லுக்குள், லைனர் நாக்கை ஒட்டிப் போட்டுக் கட்டினால் பிடி இன்னும் நன்றாக இருக்கும்.

பின்னால் உட்கார்ந்தபடி ஓட்டுகிறவர்களுக்கும் இந்த வலி வரும், தடுமாறும்போதெல்லாம் முன்னால் தூக்கி எறியப்பட்டு நாக்கில் மோதுவார்கள். அதற்குத் தீர்வு பூட்டில் மட்டும் இல்லை, ஒரு நல்ல பயிற்றுநரிடம் நிற்கும் நிலையைச் சரிசெய்துகொள்வதும் சேர்த்துத்தான். ஏற்கெனவே கன்றிப்போன கால் என்றால் ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், அடிபட்ட எலும்பின் மேல் எந்தச் சரிசெய்தலையும் சோதித்துப் பார்க்க முடியாது.

ஒரே ஒரு புள்ளியில் குத்துகிறது

சுண்டுவிரல் எலும்பு, கணுக்கால் முட்டி, கட்டைவிரல் மூட்டு வீங்கிய இடம், குதிகாலின் பின்புறம் புடைத்த எலும்பு, இப்படி விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி. கேட்கப் பயமாக இருந்தாலும் சரிசெய்ய மிக எளிது இதுதான், ஏனென்றால் எங்கே என்று தெரிந்துவிட்டது.

ஃபிட்டர்கள் செய்கிற ஒரு வேலையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். லைனரை வெளியே எடுத்துவிட்டு, வலிக்கும் எலும்பின் மேல் லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் தடிமனாகத் தடவுங்கள். காலைச் சரியான இடத்தில் வெறும் ஷெல்லுக்குள் வைத்து அந்தப் பக்கமாகச் சாயுங்கள். வெளியே எடுத்தால் ஷெல்லின் உள்சுவரில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும். அதுதான் இடம். கையால் தடவித் தோராயமாகக் குறித்த இடத்துக்கும் இந்தப் பொட்டுக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் இருக்கலாம், அந்த ஒரு விரற்கடைதான் சரியான வேலையையும் வீணான வேலையையும் பிரிக்கிறது.

பொட்டு கிடைத்த பிறகு ஃபிட்டர் அந்த இடத்தைச் சூடாக்கி உள்ளிருந்து வெளியே தள்ளுவார், அல்லது பிளாஸ்டிக்கை உள்பக்கம் தேய்த்து மெலிதாக்குவார். சில மி.மீ. கிடைத்தாலே எலும்பு மூச்சு விடும். பாலியூரித்தேன் ஷெல் இதற்கு நன்றாக வளைந்துகொடுக்கும். எடை குறைந்த பூட்டுகளில் வரும் நைலான் வகை பிளாஸ்டிக், கிரிலமிட் போன்றவை, பிடிவாதம் பிடிக்கும், தள்ளிய இடம் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பவும் பார்க்கும். வீட்டில் ஹீட் கன் வைத்து இதை முயல வேண்டாம், ஒரு கணம் கூடினால் ஷெல் உருக்குலைந்துவிடும், அப்புறம் திரும்ப வராது.

பூட் முழுக்க நன்றாக இருந்து ஒரு புள்ளி மட்டும் வலித்தால் தயவுசெய்து பெரிய பூட்டுக்குப் போகாதீர்கள். ஒரு எலும்புக்காக முழுப் பாதத்தின் பிடியையும் விட்டுக்கொடுப்பதாக ஆகிவிடும்.

கெண்டைக்காலைக் கடிக்கிறது

சிலருக்குக் கெண்டைச்சதை கீழே வரை இறங்கியிருக்கும். பூட்டின் மேல்விளிம்பு சதையின் தடித்த பகுதியிலேயே உட்காரும், மேல் பக்கிள் கடைசிப் பல்லில்கூடப் பிடிக்காது. பல பூட்டுகளில் மேல் பக்கிளின் பல்வரிசையைக் கழற்றி வெளியே தள்ளிப் பொருத்தத் துளைகள் உண்டு. பின்பக்கம் லைனருக்கும் ஷெல்லுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் திண்டு செருகியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். மேல்பகுதியைச் சூடாக்கி விரிக்கவும் செய்யலாம். குதிகால் ஆப்பு இங்கேயும் உதவும், கால் மேலே உயர்வதால் சதையின் மெலிந்த பகுதி விளிம்புக்கு வரும். எதிர்ப்பக்கம், ஒல்லியான கால் உள்ளவர்களுக்கு அதே பின் திண்டைச் செருகுவதுதான் தீர்வு.

உள்ளங்கால் எரிகிறது, பிடித்துக்கொள்கிறது

பாதவளைவுக்கு அடியில் ஒன்றும் இல்லாதபோது விரல்கள் தாமாகவே மடங்கித் தரையைப் பிடிக்கப் பார்க்கும். நாள் முழுவதும் அப்படிப் பிடித்தால் உள்ளங்கால் தசை சுளுக்கிக்கொள்ளும். தீர்வு மேலே சொன்ன இன்சோல்தான். புது இன்சோல் போட்ட பிறகு இந்த வலி வந்தால் வளைவு உங்களுக்கு அதிக உயரம், திரும்பக் கொண்டுபோய்க் குறைக்கச் சொல்லுங்கள். சறுக்கும்போது விரல்களை அசைக்க முடிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கால் எப்போதும் குளிர்கிறது

முதல் காரணம் இறுக்கம், இரண்டாவது ஈரம். பனி வெளியே எவ்வளவு இருக்கிறது என்பது அப்புறம்தான். லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போது கீழ்ப் பக்கிள்களைத் திறந்துவிட்டாலே சிலருக்குக் கால் சூடாகிவிடும். தினமும் இரவு லைனரை வெளியே எடுத்துக் காயவையுங்கள், மிதமான காற்றுப் படும்படி, அடுப்பையோ ஹீட்டரையோ ஒட்டி வைக்காமல். ராத்திரி பூட்டைக் காருக்குள் விட்டுவிட்டால் காலையில் பிளாஸ்டிக் விறைத்து, காலை உள்ளே விடுவதே போராட்டமாகிவிடும். கிளம்பும் சாக்ஸோடு காரோட்டி வந்து, வியர்த்த அதே சாக்ஸை பூட்டுக்குள் விடுவதும் குளிருக்குக் காரணம், பூட் போடும் இடத்தில் உலர்ந்த ஜோடிக்கு மாறுங்கள். இவ்வளவும் செய்த பிறகு சூடாக்கும் சாக்ஸ் பற்றி யோசிக்கலாம்.

வலி இல்லை, ஆனால் தொடை எரிகிறது, ஸ்கீ சொன்னபடி கேட்பதில்லை

பூட் பெரியதாக இருப்பதற்கான அமைதியான அறிகுறி இது. காலைத் திருப்பினால் முதலில் பாதம் பூட்டுக்குள் திரும்புகிறது, அதற்குப் பிறகுதான் ஸ்கீ திரும்புகிறது.

பொருத்தம் சரியாக இருந்தும் இப்படி என்றால் ஃப்ளெக்ஸ் எண்ணைப் பாருங்கள், முன்னால் சாய எவ்வளவு விறைப்பு என்பதைச் சொல்வது. 60, 70 மென்மையானவை, 120, 130 மிக விறைப்பானவை. ஆனால் இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 110 போல இருக்கலாம். கடையின் கதகதப்பில் மென்மையாகத் தெரிகிற பிளாஸ்டிக், மலையின் குளிரில் நன்றாகவே விறைக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். விறைப்பு அதிகமாகி முன்னால் மடங்க முடியாதவர் பின்னால் உட்கார்ந்துவிடுவார், அந்த எடை முழுவதையும் தொடை சுமக்கும். எண் பெரியதாக இருந்தால் திறமைசாலி என்று யாரும் நினைப்பதில்லை, உங்கள் எடைக்கும் ஓட்டும் விதத்துக்கும் மடங்குகிற பூட்டை எடுங்கள்.

நிற்கும்போது ஸ்கீயின் உள்விளிம்பிலோ வெளிவிளிம்பிலோ மட்டும் எடை விழுந்தால், கணுக்கால் அருகில் உள்ள திருகால் மேல்பகுதியின் சாய்வைக் காலின் வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் மாற்றலாம். முழங்காலே உள்ளே சரிகிறது என்றால் அந்தத் திருகு போதாது, இன்சோலும் அடிப்பகுதியின் சாய்வும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

ஒரு காலில் மட்டும் பிரச்சினை

இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். சின்னக் காலுக்கு ஏற்ப ஷெல்லை எடுத்து, பெரிய காலுக்கு இடம் பண்ணிக்கொள்வதுதான் வழக்கம். பிளாஸ்டிக்கைத் தள்ளி இடம் உண்டாக்கலாம், இல்லாத பிளாஸ்டிக்கைச் சேர்க்க முடியாது.

போன சீசன் நன்றாக இருந்தது, இப்போது ஆடுகிறது

லைனர் நுரை நசுங்கிவிட்டது. பக்கிள்கள் முன்பைவிட இரண்டு பல் உள்ளே போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஷெல் நல்ல நிலையில் இருந்தால் லைனரை மட்டும் மாற்றலாம், சூட்டில் வடிவம் எடுக்கும் லைனர் என்றால் பல சமயம் புது பூட்டைவிட நன்றாகவே பொருந்தும்.

ஷெல்லின் வயதையும் பாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் அலமாரியில் கிடந்த பூட் வெளியே பளிச்சென்று இருந்தாலும் பிளாஸ்டிக் உள்ளே நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கலாம், அதிகம் பயன்படுத்தாத பூட்டுக்கும் இது பொருந்தும். ஓட்டும்போதே வெடித்து உடைந்திருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

குழந்தைகளின் பூட்

அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் கூட்டி வாங்கிக்கொடுத்தால் குழந்தைக்கு ஸ்கீ கட்டுப்படாது, பயந்துவிடும், மலையே வேண்டாம் என்று சொல்லும். வெறும் ஷெல் சோதனையில் அதிகபட்சம் இரண்டு, இரண்டேகால் செ.மீ. வரை விடலாம். வளர்கிற வயதில் சீசன் வாடகைக்கு எடுப்பது நல்லது. வலிக்கிறதா என்று கேட்டால் சும்மா தலையாட்டுவார்கள், லைனரை எடுத்து நீங்களே பாருங்கள்.

பூட் மாறினால் பைண்டிங்

இதை விட்டுவிட்டால் மேலே சரிசெய்த எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. விழும்போது ஸ்கீ சரியான நேரத்தில் கழன்று கொள்வது, பூட்டை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங் உங்கள் பூட்டின் அடிநீளத்துக்குப் பொருத்தப்பட்டிருப்பதைப் பொறுத்தது. சைஸ் மாறினால் அந்த மி.மீ. எண் மாறும். அதே சைஸில் வேறு மாடல் எடுத்தாலும் மாறலாம். அடிப்பகுதியின் வகையையும் கவனியுங்கள். வழக்கமான தட்டையான அடி ஐஎஸ்ஓ 5355, நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடி ஐஎஸ்ஓ 23223, மலையேறிச் சறுக்கும் டூரிங் பூட் ஐஎஸ்ஓ 9523. எல்லா பைண்டிங்கும் எல்லா அடியையும் ஏற்காது, எதை ஏற்கும் என்று பெரும்பாலும் பைண்டிங்கிலேயே எழுதியிருக்கும். பூட்டையும் ஸ்கீயையும் சேர்த்தே கடைக்குக் கொண்டுபோய், எடை, உயரம், வயது, ஓட்டும் திறன் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லி, பைண்டிங்கைப் பொருத்தி, கழல்கிறதா என்று கருவியில் சோதித்துத் தரச் சொல்லுங்கள். தேய்ந்துபோன அடி என்றால் அதையும் அப்போதே காட்டுங்கள், பல பூட்டுகளில் முன்னும் பின்னும் உள்ள தேய்மானப் பகுதியை மட்டும் திருகைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.